குஞ்சுக்கு அடியில் என்ன விரிப்பது?

முதல் தடவை, பொரித்து ஒருநாள் ஆன கோழிக்குஞ்சுகள் இருபதைக் கொண்டுவந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. முதல் வாரம் பெட்டியில் சூடு தரும் விளக்குக்கு அடியில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று படித்து வைத்திருந்தேன். தண்ணீர்க் குடுவை எந்தப் பக்கம், தீவனத் தட்டு எந்தப் பக்கம் என்று தாளில் படம்கூடப் போட்டாயிற்று. பெட்டியின் அடியில் என்ன விரிப்பது என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது? பழைய செய்தித்தாள் நாலைந்து போட்டால் போயிற்று. நனைந்தால் சுருட்டி எறிந்துவிட்டு வேறு போடலாம், செலவும் இல்லை, மெனக்கெடவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு குஞ்சு எழுந்திருக்கவில்லை. நன்றாகக் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வயிறு தாளோடு தாளாகக் கிடக்க, இரண்டு கால்களும் இரண்டு பக்கமாகப் போய், தவளை நீந்துவதைப் போல உதைத்துக்கொண்டிருந்தது. கையில் எடுத்து நிறுத்திப் பார்த்தேன். விட்டதும் கால்கள் மறுபடி அகன்றன. மற்ற குஞ்சுகள் அதன் முதுகை மிதித்துக்கொண்டு தீவனத்துக்கு ஓடின. மத்தியானத்துக்குள் இன்னொன்றுக்கும் அதே நிலை.

நான் பயந்தது வைட்டமின் குறைவோ, ஏதாவது நோயோ என்று. இரண்டும் இல்லை, வழுக்கல். செய்தித்தாள் நம் விரலுக்குச் சொரசொரப்பாகத்தான் தெரியும். நகம் பிடிக்க வழியில்லாத குஞ்சின் பாதத்துக்கு அது வழவழப்பான தரை, அதிலும் எச்சமும் தண்ணீரும் பட்டுவிட்டால் எண்ணெய் தடவியது போலத்தான். பிறந்த முதல் சில நாட்களில் குஞ்சின் இடுப்பு மூட்டும் தசைநார்களும் இன்னும் இறுகியிருக்காது. அந்த நாட்களில் ஒவ்வொரு அடிக்கும் கால் சறுக்கினால், சறுக்கின நிலையிலேயே கால் பழகிவிடும்.

சரிசெய்ய முடியும், சீக்கிரம் கண்டுகொண்டால். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை மெல்லிய நாடாவாகக் கத்தரித்து, இரண்டு கணுக்காலையும் சுற்றி, நடுவில் கிட்டத்தட்ட 2.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கைவிலங்கு மாதிரி ஒட்டினேன். பசை பக்கம் காலின் தோலில் படும் இடத்தில் சின்னத் துண்டுப் பஞ்சு வைத்துக்கொண்டேன். ஒருவர் பிடிக்க ஒருவர் ஒட்ட வேண்டிய வேலை அது, நான் தனியாகச் செய்தேன், குஞ்சை முழங்கால்களுக்கு நடுவில் ஒரு துணியில் சுருட்டி வைத்துக்கொண்டு. இறக்கிவிட்டதும் முகம் குப்புற விழுந்தது. எழுந்தது, திரும்ப விழுந்தது. ஒரு மணி நேரத்தில் கட்டோடு சேர்த்துக் குதித்துக் குதித்து நடக்கக் கற்றுக்கொண்டது. மூன்று நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது மற்றவற்றோடு கலந்துவிட்டது, அடுத்த வாரம் எது அந்தக் குஞ்சு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டாவதாக விழுந்தது தேறவில்லை. அதற்கு நான் கட்டுப் போட்டது மறுநாள் சாயங்காலம்தான். ஒன்றைப் பார்த்துக்கொள்வோம், அது சரியானால் இதற்கும் போடுவோம் என்று ஒத்திவைத்தேன்.

அந்த இரண்டு குஞ்சுகளால்தான் பெட்டியின் தரையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுக்கு என்ன தரை என்று பாருங்கள். பொரித்து ஒன்றிரண்டு நாளில் கோழி கூட்டை விட்டு இறங்கிவிடும். அப்புறம் குஞ்சுகள் ஒரே இடத்தில் இருப்பதே கிடையாது. மண், சருகு, புல், கல் என்று கால் மாறிக்கொண்டே இருக்கும். எச்சம் போட்ட இடத்தை விட்டு அரைமணி நேரத்தில் நகர்ந்திருக்கும். குளிர்ந்தால் அம்மாவின் சிறகுக்கு அடியில் போய்விடும். புரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கிற பெட்டியில், நாம் சிறகுக்குப் பதில் விளக்கு வைக்கிறோம், அதில் யாரும் தவறுவதில்லை. நகர்வதற்குப் பதில் என்ன வைத்திருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அதே ஒரு சதுரமீட்டரில் அது தின்ன வேண்டும், குடிக்க வேண்டும், தூங்க வேண்டும், கழிய வேண்டும், நான்கு ஐந்து வாரத்துக்கு. நாம் விரிக்கிற கூளம்தான் அந்த நகர்தல் செய்கிற வேலையை ஒண்டியாகச் செய்தாக வேண்டும். கால் சறுக்கக் கூடாது, அடியிலிருந்து குளிர் ஏறக் கூடாது, ஈரத்தை மேல்பரப்பிலிருந்து இழுத்து எங்காவது ஒளித்துவைக்க வேண்டும், தப்பித்தவறிக் கொத்தித் தின்றாலும் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது. இந்த நான்கையும் முழுசாகச் செய்கிற பொருள் ஒன்றும் கிடையாது. ஆகவே எந்த வயதில் எந்த வேலை முக்கியம் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு மூன்று நாளைக்கு மேலே சொன்னதில் முதலும் கடைசியும்தான் பெரிய விஷயம். குஞ்சுக்கு அப்போது எது தீவனம், எது தீவனமில்லை என்று தெரியாது. கண்ணில் பட்டதை எல்லாம் கொத்தும். தன் கால் நகத்தைக் கொத்தும், பக்கத்துக் குஞ்சின் கண்ணைக் கொத்தும். இந்த நேரத்தில் தூளான கூளம் போட்டால் தீவனத்துக்குப் பதில் அதைத் தின்று, கழுத்தடியில் தீவனம் தங்குகிற தீனிப்பையை நிரப்பிக்கொள்ளும். பொரிப்பதற்கு முன்னால் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கருவின் மிச்சம் இருப்பதால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட அது தின்னாமல் தாக்குப்பிடிக்கும். ஆகவே தப்பு நடப்பது உடனே தெரியாது. நாலாம் நாள் துவண்டு விழும்போது தீனிப்பை உப்பியிருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும், நாமும் நன்றாகத் தின்றிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

அதனால் இப்போது நான் செய்வது: அடியில் கூளத்தை முறையாகப் போட்டு, அதன் மேல் சொரசொரப்பான ஒரு விரிப்பு. சமையலறையில் துடைக்கப் பயன்படுத்துகிற புள்ளி புள்ளியாக மேடு வைத்த காகிதத் துவாலை போதும். பழைய பருத்தித் துணியும் ஆகும், ஆனால் ஓரம் நூல் பிரியாமல் மடித்துத் தைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நூல் விரலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிடும். அந்த விரிப்பின் மேலேயே தீவனத்தைக் கொஞ்சம் தூவிவிடுவேன். குஞ்சு நடந்தாலே காலடியில் தீவனம், கொத்தினாலே வாயில் தீவனம், அப்படித்தான் ருசி பழகும். மூன்றாம் நாள் தட்டில் தின்னக் கற்றுக்கொண்டதும் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டால் கீழே கூளம் தயாராக இருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு கால் விரிந்த குஞ்சை என் பெட்டியில் பார்க்கவில்லை.

சரி, அடியில் போடும் கூளத்துக்கு வருவோம்.

மரச்சீவல்தான் என் தேர்வு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழைப்புளியில் மரத்தை இழைக்கும்போது சுருள் சுருளாக விழுமே, அது. சுருளுக்குள் காற்று நிற்பதால் காலுக்குக் கதகதப்பு. ஈரத்தை மரநார் உறிஞ்சி, மேல்பரப்பை உலரவிடும். பெரிய துண்டாக இருப்பதால் விழுங்குவது கஷ்டம். நகம் மாட்டிக்கொள்ளப் பிடி கிடைக்கும். ஆனால் ‘மரம்’ என்று ஒரே வார்த்தையில் கேட்டு வாங்கிவிட முடியாது, அதற்குள் ஏகப்பட்ட வேறுபாடு இருக்கிறது.

முதலாவது, சீவல் வேறு, ரம்பத்தூள் வேறு. என் இரண்டாவது தொகுதிக்கு ரம்பத்தூள்தான் கிடைத்தது, இரண்டும் மரம்தானே என்று போட்டேன். பெட்டியின் மேல் விளக்கு வெளிச்சத்தில் தூசி மிதப்பது கண்ணுக்கே தெரிந்தது. குஞ்சுகள் கிளறக் கிளற இன்னும் எழும்பியது. இரண்டு நாளில் தும்மல். குஞ்சு தும்முவதைக் கேட்டிருக்கிறீர்களா, யாரோ நாக்கைச் சொடுக்குகிற மாதிரி சின்ன சத்தம், இருபதும் மாற்றி மாற்றிச் சொடுக்கினால் ராத்திரி தூங்க முடியாது. தின்றதும் நடந்தது. ஒரு குஞ்சின் தீனிப்பையை விரலால் தடவிப் பார்த்தபோது ஈர மாவு உருண்டையைத் தொட்டது போல இருந்தது. நல்லவேளை, தூளைத் துணியால் மூடிவிட்டு இரண்டு நாள் நீர்க்கத் தீவனம் கொடுத்ததில் அது கரைந்து போய்விட்டது. ரம்பத்தூளை வளர்ந்த கோழிக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. குஞ்சுக்கு வேண்டாம்.

இரண்டாவது, எந்த மரம். தேவதாரு வகை வாசனை மரங்களை, குறிப்பாக சிடார் என்று விற்பதை, நான் தொடமாட்டேன். அந்த வாசனைதான் பூச்சியை விரட்டுகிறது, அதே எண்ணெய்தான் மூச்சுக்குழாயையும் எரிக்கிறது. மேற்கத்திய செஞ்சிடார் மரத்தில் வேலை செய்கிற தச்சர்களுக்கே அதிலுள்ள பிளிகாட்டிக் அமிலத்தால் ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் நன்கு அறிந்த விஷயம். சூடான விளக்குக்கு அடியில், மூடின பெட்டியில், மூக்கு தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் இருக்கிற குஞ்சுக்கு அது என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பைன் மரத்திலும் இந்த ஆவிகள் உண்டு, ஆனால் சூளையில் உலர்த்தும்போது பெரும்பகுதி போய்விடும். ஆகவே பைன் என்றால் சூளையில் உலர்த்தியதா என்று கேட்க வேண்டும். பையைத் திறந்ததும் பிசின் வாசம் குப்பென்று அடித்தால் அது பச்சை.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கிற சீவலில் என்னென்ன மரம் கலந்திருக்கிறது என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. கரையான் வராமல் இருக்க மருந்து ஏற்றின மரம், பசை போட்டு ஒட்டின பலகை, வார்னிஷ் அடித்த பழைய கதவு எல்லாம் ஒரே குவியலில் சேரும். மருந்து ஏற்றின மரங்களில் ஒரு வகை, செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் சேர்த்து ஏற்றியது. லேசாகப் பச்சை பாய்ந்த நிறத்தில் இருக்கும், ஆனால் சீவலாகிவிட்டால் யார் நிறம் பார்ப்பது? சும்மா கிடைக்கிறது என்று நானும் ஒரு மூட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கொட்டினதில் ஒரு பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்த சுருள் நாலு கிடந்தது. மூட்டையை அப்படியே கட்டி வைத்துவிட்டேன்.

மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெல் உமி இலேசானது, சுத்தமாகக் கிடைக்கும், சுலபத்தில் பூஞ்சை பிடிக்காது. ஆனால் அதன் மேல்தோலில் சிலிக்கா நிறைய இருப்பதால் தண்ணீரைக் குடிக்காது, ஈரம் அதற்கு ஊடே இறங்கி அடியில் தேங்கும். மேலே பார்த்தால் பளிச்சென்று உலர்ந்திருக்கும், விரலை விட்டால் கீழே சேறு. சின்னக் குஞ்சு அதைத் தின்றும் பார்க்கும். ஒரு வாரம் தாண்டின குஞ்சுக்கு, தினமும் கிளறிவிட ஆள் இருந்தால் உமி நல்ல பொருள்தான். தென்னை நார்த்தூள், அதாவது மஞ்சி, நேர் எதிர். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் பெரும்பாலும் அது வரும்போதே ஈரத்தைக் குடித்துவிட்டுத்தான் வருகிறது. வெயிலில் பரப்பி நன்றாகக் காயவைக்காமல் போட்டால் ஏற்கெனவே நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. மிகவும் காய்ந்தால் தூசி. மஞ்சியைச் சீவலோடு கலந்து அடியில் போட்டு மேலே சீவல் மட்டும் பரப்பினால் இரண்டின் நல்லதும் கிடைக்கும், நான் இரண்டு தடவை அப்படிச் செய்து திருப்தியாகத்தான் இருந்தது. மணல் கனம், முன்கூட்டியே சூடாக்காவிட்டால் ஐஸ் மாதிரி குளிரும். ஆனால் சூடேறிவிட்டால் வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், எச்சத்தைச் சல்லடையில் சலித்து எடுக்கலாம். பூனைக்குப் போடுகிற கட்டிபிடிக்கும் களிமண்ணை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். ஈரம் பட்டால் உப்பி இறுகுவதுதான் அதன் குணம், வயிற்றுக்குள் போனாலும் அதே குணம்தான்.

வைக்கோலைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கோழி என்றதும் எல்லோர் மனதிலும் வருவது வைக்கோல்தான். படத்தில் அழகாக இருக்கும். தண்டு வழவழப்பு, ஆகவே குஞ்சுக்கு மறுபடி சறுக்கல். உள்ளே குழல், வெளியே மெழுகு, ஆகவே நறுக்காமல் போட்டால் ஈரத்தை உறிஞ்சாது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயம் பூஞ்சைதான். நனைந்து காய்ந்த வைக்கோலை உதறினால் சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழும்புமே, அதில் இருப்பது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளாக இருக்கலாம். குஞ்சு அதை மூச்சில் இழுத்தால் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் பூஞ்சை வளரும். வாயைப் பிளந்துகொண்டு, கழுத்தை நீட்டி, சத்தமே இல்லாமல் மூச்சுக்கு ஏங்கும். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் பழைய பெயரே ‘புரூடர் நிமோனியா’. குஞ்சுப் பெட்டியின் பெயரைச் சொல்லி ஒரு நோய் இருக்கிறது என்றால் எத்தனை பேர் பெட்டியில் இது நடந்திருக்க வேண்டும்! வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். நிலக்கடலை ஓட்டுக்கும் இதே பயம் உண்டு, சரியாக உலராமல் மூட்டை கட்டியிருந்தால் பூஞ்சை கட்டாயம். எந்தக் கூளமானாலும் ஒரு கைப்பிடி எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன், வேண்டாம், தூரத்தில் வைத்தே முகருங்கள். மக்கல் வாசம் வந்தால் மூட்டையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பார்த்துப் பொறுக்கிப் போட்டாலும், ஒரு வாரம் கழித்து எல்லாக் கூளமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. எவ்வளவு ஈரம்?

ஈரத்தை அளக்கக் கருவி வேண்டாம், கை போதும். தண்ணீர்க் குடுவைக்கு ஒரு ஜாண் தள்ளி ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையைத் திறந்ததும் கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியில் நின்றால் ஈரம் அதிகம். பிடிக்கவே பிடிக்காமல் தூளாகக் கொட்டினால் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது, தூசி பறக்கும். லேசாகச் சேர்ந்து, உடனே மெதுவாக உதிர்ந்தால் சரி. பண்ணைக் கணக்கில் அது ஏறக்குறைய 20 முதல் 30 சதவீத ஈரம். நான் இதைச் செய்து காட்டியபோது எங்கள் அத்தை சிரித்தார். “இதுக்கு எதுக்குடா புஸ்தகம், மிதிச்சுப் பார்த்தா தெரியாதா?” அவருக்குத் தெரியும். எனக்குக் கொழுக்கட்டைதான்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கோழி நம்மைப் போலத் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை, எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிற யூரிக் அமிலம்தான் அதன் சிறுநீர். கூளம் ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் பாக்டீரியா அந்த யூரிக் அமிலத்தை உடைத்து அம்மோனியாவாக மாற்றும். காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பண்ணைகளில் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உள்ளே தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கும், கண் சிவந்து நீர் வடியும், அப்புறம் எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த மாதிரி. இதில் வேடிக்கை, தினமும் அந்த அறைக்குள் போகிற நம் மூக்கு இரண்டு நாளில் பழகிவிடும். வெளியிலிருந்து வந்த ஒருவர் மூக்கைப் பொத்தும்போதுதான் நமக்கு உறைக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, குஞ்சின் உயரத்தில் பத்து வினாடி மூச்சிழுத்துப் பார்ப்பதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறேன். நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை, தலைமுடியில் குஞ்சு ஏறி உட்கார்ந்ததும் உண்டு. (வாசம் வந்தால் சுண்ணாம்பு தூவு என்பார்கள். சுண்ணாம்பு கூளத்தை உலர்த்தும், உண்மை. ஆனால் அது காரம், காரத்தன்மை கூடினால் எச்சத்திலுள்ள அம்மோனியா இன்னும் வேகமாகக் காற்றுக்குள் போகும். குஞ்சு உள்ளே இருக்கும்போது செய்கிற காரியம் இல்லை.)

இன்னொரு காரணம் ரத்தக்கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை எச்சத்தில் வெளியே வரும்போது உடனே நோய் கொடுக்காது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பழுத்து, அப்புறம்தான் தின்கிற குஞ்சைப் பிடிக்கும். புரூடரில் சூடும் காற்றும் இருந்தே ஆகவேண்டும், அதில் நாம் கை வைக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். சாதாரணக் கிருமிநாசினிக்கு அந்த முட்டை அசைவதில்லை என்பதால் ‘மருந்து தெளித்துக்கொள்ளலாம்’ என்ற சமாதானமும் வேலைக்கு ஆகாது.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எச்சத்தைவிடத் தண்ணீர்க் குடுவைதான் பெரிய குற்றவாளி. நான் கூளத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் குடுவையைத் தரையிலேயே வைத்திருந்தேன். குஞ்சுகள் அதற்குள் கூளத்தைக் கிளறித் தள்ளும், கூளம் திரி மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும், சாயங்காலத்துக்குள் குடுவையைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குச் சதசதப்பு. ஒரு செங்கல் துண்டை வைத்து அதன் மேல் குடுவையை ஏற்றி, விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வரும்படி வைத்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. வாரம் ஒரு தடவை உயரத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். கூளத்தை மாற்றும் முன் குடுவையை மாற்றிப் பாருங்கள் என்று இப்போது யாராவது கேட்டால் சொல்கிறேன்.

ஆழம் என்று பார்த்தால் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 7 அல்லது 8. சிமெண்டுத் தரையில் பெட்டி வைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். இதையும் குஞ்சு வருவதற்கு முந்தின நாளே போட்டு விளக்கை எரியவிட வேண்டும். காற்று சூடாகிவிடும், தரை சூடாக நேரம் எடுக்கும். ஒருநாள் குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, பாதம் வழியாகச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். குஞ்சைத் தூக்கி அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்துக்குச் சில்லென்று இருந்தால் வெப்பமானி என்ன காட்டினாலும் தரை குளிர்ந்து கிடக்கிறது என்றுதான் அர்த்தம். பெரிய பண்ணைகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். நான் முதல் வருஷம் வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைத் தொங்கவிட்டிருந்தது காற்றில்.

விளக்கைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. உலர்ந்த மரச்சீவலைப் போல நெருப்புக்குப் பிடித்த தீனி வேறில்லை. 250 வாட் அகச்சிவப்பு பல்பு கழன்று அதில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, கோழிக்கூடு எரிந்த செய்திகளில் பாதிக்கு மேல் படித்தால் இந்தக் கதைதான் இருக்கும் என்பது என் எண்ணம். பல்பைக் கம்பியில் மட்டும் தொங்கவிடாமல் சங்கிலியும் போட்டு, இரண்டாவதாக ஒரு கயிறும் கட்டி வைத்திருக்கிறேன். சீவல்தான் போடுவேன் என்பவர்கள் இந்த மெனக்கெடலையும் சேர்த்துத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி ஒரு விஷயம், இதுவரை சொன்னதோடு கொஞ்சம் முட்டும். 1940களில் அமெரிக்காவில் ஒஹாயோ வேளாண் ஆய்வு நிலையத்தில் கென்னார்ட், சேம்பர்லின் என்ற இருவர் பழைய கூளத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுசாகக் கொஞ்சம் போட்டுப் போட்டுக் குஞ்சு வளர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் துடைத்துக் கழுவிப் புதுக்கூளம் போட்டு வளர்த்ததைவிட அதில் குஞ்சுகள் குறைவாகச் செத்தன. மக்கின கூளத்தில் நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினை உண்டாக்குவதும், கிருமியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்த குஞ்சுக்கு எதிர்ப்பு வந்துவிடுவதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இதைப் படித்துவிட்டு, ஆஹா, பெட்டியைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று ஒரு தொகுதி முழுக்கச் சோம்பேறியாக இருந்து பார்த்தேன். இரண்டாவது வாரமே கண் எரிந்தது. அவர்கள் செய்தது அகலமான தரையில், ஆழமான கூளத்தில், நன்றாகக் கிளறி, உலர்வாக வைத்து. என்னுடையது அட்டைப்பெட்டியில் எட்டு சென்டிமீட்டர். மக்குவதற்கு அங்கே ஆழமும் இல்லை, காற்றும் இல்லை, அது அழுகும். ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். இப்போது முழுக் கூளத்தையும் ஒரே நாளில் எடுப்பதில்லை. சதசதத்த இடத்தை மட்டும் கரண்டியால் வாரி எடுத்துவிட்டு, மற்றதைக் கையால் கிளறி, மேலே ஒரு விரல் கனம் புதுச் சீவல் தூவிவிடுகிறேன். முதல் வாரம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போதும், மூன்றாவது வாரத்தில் தினமும் வேண்டியிருக்கும், ஏனென்றால் அதற்குள் குஞ்சு தின்பதும் கழிவதும் பல மடங்காகியிருக்கும். எடுத்த கூளம் நேராக எருக்குழிக்கு. மக்கவிடாமல் செடிக்குப் போட்டால் வேர் கருகும்.

போன வாரம் வந்த தொகுதிக்கு இன்று எட்டாம் நாள். காகிதத் துவாலையை எடுத்து ஐந்து நாள் ஆகிறது. காலையில் வழக்கம்போலத் தலையை உள்ளே விட்டேன், மர வாசமும் தீவன வாசமும்தான் வந்தன. ஒரு குஞ்சு விளக்குக்குச் சற்றுத் தள்ளி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஒரு காலால் சீவலைத் தன் மேலேயே வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் சரியாகச் சிறகே முளைக்கவில்லை, அதற்குள் புழுதிக் குளியல். உடம்பை உதறி எழுந்தபோது முதுகில் ஒரு சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குஞ்சு அதைக் கொத்திப் பார்த்தது, வாயில் வைத்துப் பார்த்தது, கீழே போட்டுவிட்டுத் தட்டுக்கு ஓடியது.